நான்கு விரல் இடைவெளி

ஜன்னலைத் திறந்து வைத்தேனா என்று தெரியவில்லை. சாத்தினது நன்றாக நினைவிருக்கிறது. கொக்கியை மாட்டியது, இரும்பின் ஈரம் விரலில் ஒட்டியது, அதை முந்தானையில் துடைத்தது. பிறகு வாசலில் கனிந்துகொண்டிருந்த கரிச்சட்டியைத் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் செங்கல்மேல் வைத்தேன். வைத்துவிட்டு, தினமும் செய்வதுபோல மறுபடியும் ஜன்னலுக்குப் போய், கொக்கியை எடுத்து, நான்கு விரல் நுழைகிற அளவுக்குக் கதவைத் தள்ளி, அது ஆடாமலிருக்க மடித்த அட்டையைச் செருகினேனா? செருகியதாக ஒரு நினைவு வருகிறது. அட்டை ஊறிக் குழைந்திருந்தது, அதைத் திருப்பி மடித்தேன். ஆனால் அது நேற்று. அல்லது முந்தாநாள். இந்த மாதத்தில் எல்லா நாளும் ஒரே நாள்தான். கிறிஸ்மஸ் வரைக்கும் நாட்களுக்கு முகம் இருக்கிறது. மாவு இடிக்கிற நாள், நட்சத்திரம் கட்டுகிற நாள், துணி எடுக்கிற நாள். புது வருடம் பிறந்து சுற்றுலா வேன்களெல்லாம் மலையிறங்கிப் போனதும் மேகம் ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் கொடைக்கானலில் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் கிடையாது. துவைத்த துணி கொடியிலேயே நாறுகிறது. செருப்பில் பூசணம், உப்பு ஜாடியில் தண்ணீர், தேங்காயெண்ணெயைக் கரண்டியால் சுரண்டவேண்டியிருக்கிறது. தீக்குச்சி மருந்து உதிர்ந்து விழுகிறதே தவிரப் பற்றுவதில்லை. யாரோ பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கெடுத்துக்கொண்டே வருவது மாதிரி. என் மடியில் சூசையப்பர் கிடக்கிறார். அவருடைய கழுத்து மடிப்பில் படிந்த மெழுகை ஊக்கால் கீறி எடுத்துக்கொண்டிருக்கிறேன். கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஹாலில் தரையில் சாக்கு விரித்து மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்து கிறிஸ்மஸ் குடிலைப் பிரிக்கிற நாள் இன்று. குடிலில் வைத்த சுரூபப் பொம்மைகளைத் துடைத்து, பழைய சேலைத் துண்டில் சுற்றி, நூல் கட்டிப் பெட்டியில் அடுக்கவேண்டும். வீட்டிலிருந்து இங்கே வர ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும்தான். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஏன் எழுந்திருக்கவில்லை?

என் வீட்டுக்காரரை இந்தக் கோயில் பங்கில் தெரியாதவர்கள் இல்லை. பிலவேந்திரன் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வீடு என்று கேட்டால் கைக்குழந்தைகூட வழி காட்டும். கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சிவப்பு அங்கி அவருக்குத்தான். வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, முகமூடிக்குள் வேர்க்க வேர்க்க, வீட்டுக்கு வீடு ஆடுவார். படுத்துக்கிடக்கிற கிழவிகளின் கையைப் பிடித்துத் தூக்கி ஆடவைப்பார். மிட்டாயைக் கூரைமேல் எறிந்து, அது உருண்டு வரும்வரை பிள்ளைகளை மேலே பார்க்க வைப்பார். "உங்க வீட்ல எப்பவும் சிரிப்புதான் போங்க" என்று என்னிடம் சொல்லாத பெண்ணே இல்லை. புது வருடப் பூசை முடிந்ததும் அங்கியைக் கழற்றி என் கையில் கொடுப்பார். நான் அதை ஊறவைப்பேன். அவர் கம்பளியை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார். முதல் வருடம் காய்ச்சல் என்று நினைத்தேன். இரண்டாவது வருடம் கோபம் என்று நினைத்தேன், என்ன தப்பு செய்தேன் என்று காலைப் பிடித்துக் கேட்டேன். டாக்டர், உடம்பில் ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் கீழே கொண்டுபோய் வெயிலில் வையுங்கள் என்றார். "மலைக்காரன் வெயில்ல செத்துருவான்" என்று சுவரிடம் சொன்னார். குளிக்கமாட்டார், சவரம் செய்யமாட்டார், கோயிலுக்கு வரமாட்டார். தட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் எடுத்ததும் தெரியாது. ஈஸ்டர் நெருங்கும்போது ஒருநாள் எழுந்து மீசையை வெட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி, "காப்பி இருக்கா செசிலி?" என்பார். அதுவரைக்கும் வாயிலிருந்து வருகிற ஒரே பேச்சு, ஜன்னலைச் சாத்து. ஜன்னலைச் சாத்து. ஊருக்கு டிசம்பரைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எனக்குக் கொடுக்கிறார். கிறிஸ்மஸுக்கு வந்திருந்த மகள் ரெஜியிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். "அப்பா சூப்பர்ம்மா. நீதான் எப்பப் பாரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற" என்றாள். முதல் தேதி சாயங்காலம் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். பஸ் ஜன்னலிலிருந்து அப்பாவுக்குத்தான் கை காட்டினாள். அவர் பஸ் மறையும்வரை தலைக்குமேல் கையை ஆட்டிவிட்டு, அப்படியே கையைக் கீழே போட்டார். அந்தக் கை விழுந்ததைப் பார்த்தேன். அதில் எலும்பு இருந்ததாகவே தெரியவில்லை. எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது இன்னொன்று. ஆரம்பித்துவிட்டது சனியன் என்று.

"சூசையப்பரை அந்தக் கீறு கீறாதடி, பெயிண்டு போயிரும்" என்கிறாள் தெரசாளக்கா. அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது, மாட்டையும் கழுதையையும் அவள்தான் துடைப்பாள், வேறு யாரையும் விடமாட்டாள். "போனா போகட்டும்கா. அவரை யாரு பாக்கப்போறா? எல்லாரும் பாலன் யேசுவைத்தான பாக்குறாங்க" என்று ஜெனோவா சொல்கிறாள். கல்யாணமாகி நாயுடுபுரத்துக்கு வந்த பெண், வயது முப்பதுக்குள். "அப்படிச் சொல்லாத. வேதத்துல மொத்தமும் தேடிப் பாரு, சூசையப்பர் ஒரு வார்த்தை பேசினதா கிடையாது. அப்படி ஒரு புருசன் கிடைக்க எந்தப் பொம்பளை குடுத்து வச்சிருக்கா?" "உங்க வீட்டுக்காரரு பேசுவாராக்கா?" "செத்து எத்தனையோ வருசமாச்சு, இன்னும் கனவுல வந்து கொழம்புல உப்பு இல்லங்குறாரு." ஜெனோவா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஒட்டகத்தைக் கீழே போட்டுவிடப் பார்க்கிறாள். நானும் சிரிக்கிறேன். என் சிரிப்பு சரியான இடத்தில் வந்து சரியான இடத்தில் நிற்கிறது. ஜெனோவா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "அதுல செசிலிக்காவுக்குக் கவலையே இல்ல. தாத்தா பேசிப் பேசியே வீட்டை அதிர வச்சிருவாரு. என்னக்கா பண்றாரு தாத்தா?" என்கிறாள். தூங்குகிறார் என்கிறேன். "பாவம், டிசம்பர் முழுக்க ஆடின களைப்பு." பாவம் என்கிற சொல்லை இந்த ஊர் எவ்வளவு சுலபமாக எடுத்து அவர்மேல் போடுகிறது. எனக்கு யாரும் போட்டதில்லை.

இந்த மாதங்களை எல்லாரும் எப்படியோ தாண்டுகிறார்கள். தெரசாளக்கா பொழுது சாய்ந்தால் வெந்நீரில் ஒரு மூடி பிராந்தி விட்டுக் குடிக்கிறாள், அது மருந்து என்று பங்குச் சாமியாரிடமே சொல்லியிருக்கிறாள். ஜெனோவா சனிக்கிழமையானால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டில் அம்மா வீட்டு மொட்டைமாடிக்கு வெயில் காயப் போய்விடுகிறாள். திங்கட்கிழமை கறுத்து, சிரித்துக்கொண்டு வருகிறாள். எனக்குக் கரிச்சட்டி. ஹீட்டர் இருக்கிறது, இந்த மாதங்களில் வோல்டேஜ் இருப்பதில்லை, கம்பி சிவக்காமல் வெறும் முனகல் மட்டும் வரும். அதனால் கரி. வாசலில் வைத்துப் புகை போகும்வரை விசிறவேண்டும். கரி சிவந்து மேலே வெள்ளைச் சாம்பல் கட்டினபிறகுதான் உள்ளே கொண்டுவரவேண்டும். ஜன்னல் நான்கு விரல் திறந்திருக்கவேண்டும். தூங்கப்போகுமுன் சட்டி வெளியே போய்விடவேண்டும். இது இந்த ஊரில் சிலுவை போடக் கற்பதற்கு முன்னால் கற்றுக்கொடுக்கிற பாடம். அவரைவிட நன்றாக அதை அறிந்தவர் யார்? ஏரிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். இப்படி ஒரு ஜனவரியில், கல்யாணமாகிப் புதிதாக வந்த இரண்டு பேர், குளிர் தாங்காமல் எங்கேயோ கரி வாங்கிவந்து அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தார்கள். காலையில் கதவை உடைத்தது இவர்தான். வந்து என்னிடம் சொன்னது, ரெண்டு பேர் முகமும் நல்லா சிவப்பா இருந்துச்சு செசிலி, தூங்குற மாதிரிதான் இருந்துச்சு, ஒரு வலியும் இல்ல. ஒரு வலியும் இல்லை என்பதை இரண்டு முறை சொன்னார். அதற்குப்பிறகு வருகிற ஒவ்வொருவரிடமும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வார், "சார், ரூமுக்குள்ள கரி மட்டும் வேணாம் சார். அது சத்தமில்லாம ஆளைக் கொண்டுபோயிரும்." அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்கு, நான் ஸ்வெட்டரைத் தலைவழியாக இறக்கிக்கொண்டிருந்தபோது, சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். எங்க போற என்றார். ஜனவரியில் அவர் எதுவும் கேட்பதில்லை. குடில் பிரிக்க என்றேன். "எப்ப வருவ?" "சாயங்காலம் ஆகும்." மேலே கூரையைப் பார்த்தார். "ஜன்னலைச் சாத்திட்டுப் போ. நல்லா சாத்து." "கரி இருக்குங்க." "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இருக்கட்டும் என்றார். நான் என்ன செய்யவேண்டும்? இவ்வளவு காலமாக அவர் சாத்து என்பார், நான் சாத்துவேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கொக்கியை எடுத்து நான்கு விரல் திறப்பேன். அது எங்களுக்குள் பேசிக்கொள்ளாத ஏற்பாடு. அவருக்குத் தெரியும், தெரியாதது மாதிரி இருப்பார். இன்றைக்குச் சாத்தினேன். சொன்னதைத்தான் செய்தேன். அவர் கேட்டார், நான் கொடுத்தேன், இதில் என்ன குற்றம்? அவர் கேட்டது எது என்று எனக்கு எப்படித் தெரியும், குளிர்கிறது என்று கேட்டாரா, வேறெதற்காவது கேட்டாரா? இல்லை, பொய். கொக்கியை மாட்டிவிட்டு நான் அவருடைய முதுகைப் பார்த்தேன். கம்பளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பளியில் தலையெண்ணெயும் வியர்வையும் சேர்ந்து நாறும் நாற்றம் அறை முழுக்க. இந்த நாற்றத்தோடு பிப்ரவரி முழுக்க, மார்ச் முழுக்க. அட்டையை எடுத்தேனா? ஜன்னல் திண்டில்தான் அட்டை கிடக்கும். கையை நீட்டினேனா? நீட்டின கை வரைக்கும் தெரிகிறது. அதற்குமேல் வெள்ளை. மேகம் அந்த இடத்தில் இறங்கி நிற்கிறது. நான் நினைவைச் சுரண்டுகிறேன், கீழே ஒன்றும் இல்லை, சூசையப்பரின் கழுத்தில் வெறும் சுண்ணாம்பு தெரிகிறது. தெரசாளக்கா சொன்ன மாதிரியே பெயிண்டு போய்விட்டது. அந்த இடத்தை உள்பக்கம் வரும்படி திருப்பித் துணியைச் சுற்றுகிறேன்.

போன் பண்ணிப் பார்க்கிறேன். ஹாலின் மூலைக்குப் போய் நின்று காதில் வைத்துக்கொள்கிறேன். மணி போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. அவர் எடுக்கமாட்டார். இந்த மாதங்களில் எப்போதும் எடுத்ததில்லை, மகள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. ஆகவே எடுக்காததற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எனக்கு இது முன்னாலேயே தெரியும். அப்படியானால் எதற்காகப் போட்டேன்? போட்டேன் என்று பிறகு சொல்வதற்கா? பிறகு என்ற சொல் வந்ததும் அதன் பின்னால் எல்லாம் தானாக வருகின்றன. ரெஜி ஓடிவந்து விழுந்து அழுவது. சாமியார் வந்து நிற்பது. ஊரே திரண்டு வருவது, தாத்தா தாத்தா என்று பிள்ளைகள் அழுவது. சிரிச்ச முகம்க்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். நான் அழுவேன். நிஜமாகவே அழுவேன், அதில் சந்தேகம் இல்லை. அப்புறம் எல்லாரும் போனபின் அந்தக் கம்பளியை வெளியே எடுத்துப்போய்க் கொளுத்துவேன். எல்லா ஜன்னல்களையும் திறப்பேன். குளிர் வரட்டும், மேகம் வரட்டும், வந்து உட்காரட்டும். அடுத்த ஜனவரியில் வத்தலக்குண்டில் ஏதாவதொரு மொட்டைமாடியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். வெயில் முட்டியில் அடிக்கும். யாரும் எதையும் சாத்தச் சொல்லமாட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் அந்த மாடிக்குப் போய்விட்டேன். சவப்பெட்டியைத் தாண்டிக் காலை வைத்து ஏறிப்போவது மாதிரி. போனை அணைக்கிறேன். ஆனால் வெயில் முட்டியில் அடிப்பது நிற்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்கிறேன். கடைசி ராசாவைத் துணியில் சுற்ற ஆரம்பிக்கிறேன். ஹால் ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. ஜெனோவா கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அக்கா, நீங்க கரி எங்க வாங்குறீங்க? எங்க கடைக்காரன் தர்றது பூரா ஈரம், ஒரே புகை" என்கிறாள். செண்பகனூரிலிருந்து வருகிறது, இந்தத் தடவை நல்ல கரி, புகையே இல்லை என்கிறேன். "புகை இல்லாததுதான்டி மோசம்" என்கிறாள் தெரசாளக்கா, கழுதையின் காதைத் துடைத்தபடி. "புகைஞ்சா இருமியாவது எந்திரிப்போம். வீட்ல கரி வச்சிட்டா வந்த? ஜன்னலைத் திறந்து வச்சிருக்கியா?" சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரி இந்த ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். "வச்சிருக்கேன்கா. நாலு விரல்" என்கிறேன். அவள் அடுத்த காதுக்குப் போய்விட்டாள். என் குரல் தெளிவாக, நிதானமாக, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் வந்தது. திறந்ததா இல்லையா என்று தெரியாத ஒருத்தி அப்படிப் பதில் சொல்லமாட்டாள். கொஞ்சம் யோசிப்பாள், வச்சேன்னுதான் நினைக்கிறேன் என்பாள், முகம் மாறும். எனக்கு மாறவில்லை. தெரிந்தவளால்தான் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லமுடியும். அட்டை ஜன்னல் திண்டில் கிடக்கிறது. நான் அதைத் தொடவில்லை. கையை நீட்டினேன், அதன்மேல் கை நின்றது, கையை இழுத்துக்கொண்டேன். மேகம் விலகிவிட்டது, எல்லாம் தெரிகிறது. ராசாவுக்கு நூலைச் சுற்றி முடிச்சுப் போடுகிறேன். முடிச்சுப் போடும்வரை எழுந்திருக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், யாரிடமாவது எப்போதாவது சொன்னால். இரண்டு முடிச்சுப் போட்டேன். பிறகுதான் எழுந்தேன். "எங்கடி?" என்கிறாள் தெரசாளக்கா. பால் அடுப்பில் இருக்கிறது என்கிறேன். "இவ்வளவு நேரமாவா?" என்று ஜெனோவா கேட்டது கதவுக்குப் பின்னால் கேட்கிறது.

ஏற்றத்தில் ஓட முடியவில்லை. ஆனாலும் ஓடுகிறேன். காற்று நெஞ்சுக்குள் போய் ஊசியாகக் குத்துகிறது, செருப்பு ஒன்று கழன்றது, அதை விட்டுவிட்டேன். கல்லின் குளிர் பாதத்திலிருந்து பல்வரைக்கும் ஏறுகிறது. முகம் சிவப்பாக இருக்கும் என்றாரே. மாதாவே, சிவப்பாக இருக்கக்கூடாது, எப்போதும் இருக்கிற மாதிரி மஞ்சளாக, தாடியோடு, நாற்றத்தோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். ஈஸ்டர் வரைக்கும் இருக்கட்டும். ஈஸ்டர் தாண்டியும் இருக்கட்டும். மொட்டைமாடி வேண்டாம். இதைச் சொல்லும்போதும் வேண்டிக்கொள்வது அவருக்காகவா எனக்காகவா என்று ஒரு மூலையில் ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளை ஓடி ஓடித் தாண்டமுடியவில்லை. மேட்டின் உச்சியில் தெருவிளக்கு பகலிலேயே எரிகிறது. அதற்குக் கீழே மேகத்துக்குள் ஏதோ அசைகிறது. மாடு என்று நினைத்தேன். கம்பளி. கம்பளியைத் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஒருவர் வருகிறார். தாடியில் வாந்தி ஒட்டியிருக்கிறது. வெறுங்கால். அவர்தான்.

நின்றுவிட்டேன். அவரும் நின்றார். மூச்சு இரண்டு பேர் வாயிலிருந்தும் வெள்ளையாக வந்துகொண்டிருக்கிறது. "தலை வலிச்சுது" என்றார். குரல் எங்கேயோ அடியிலிருந்து வந்தது. "கண்ணைத் திறந்தா ரூமே சுத்துது. எந்திரிக்கவேணாம்னுதான் கிடந்தேன். என்னமோ, எந்திரிச்சு, சட்டியை வாசல்ல கவுத்துட்டு வந்துட்டேன்." முந்தானையால் அவர் தாடியைத் துடைக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயை, ஏறி இறங்கும் நெஞ்சை, செருப்பில்லாத காலை. ஜனவரியில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. எந்த மாதத்திலும் பார்த்ததில்லை. "நீ ஏன் ஓடி வர்ற?" என்றார். நடந்து வந்திருக்கலாம். குடில் பிரித்த களைப்போடு, கையில் ஒரு பொட்டலத்தோடு, ஐயோ என்னங்க இப்படி என்று கேட்டுக்கொண்டு நடந்து வந்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. "பால் அடுப்புல..." என்றேன். "பால் இல்லையே" என்றார். கோபமாக இல்லை. எங்கள் வீட்டில் பால் இல்லை என்பதைச் சொன்னார், அவ்வளவுதான். "நீங்கதான சாத்தச் சொன்னீங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. "ஆமா" என்றார். "நான்தான் சொன்னேன்." கீழே எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. அவர் உடம்பு நடுங்கியது. கையைப் பிடித்தேன். அவர் உதறவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை, அது என் கையில் கிடந்தது. அந்தக் குளிரில் வேறு போக்கிடம் இல்லை. வீட்டுக்குத்தான் போகவேண்டும், இரண்டு பேரும். வாசலில் கவிழ்ந்து கிடக்கும் சட்டியையும் சிதறின கரியையும் தாண்டி உள்ளே போகவேண்டும், போய் வெந்நீர் வைக்கவேண்டும், நாளைக்கும் குளிரும். கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்கானாலும் கடைக்கானாலும் அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். இன்றைக்கும் அவர் முதலில் நடக்கட்டும் என்று ஒதுங்கினேன். அவர் நகரவில்லை. கையை உருவிக்கொண்டு, கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

"நீ முன்னால போ" என்றார்.